தூணில் காய்ந்த வெள்ளை

கண்ணு,

கல்கத்தா ரயிலுக்குக் கிளம்பும்போது "மண்டப வேலையை நீங்கதான் பாத்துக்கோணுமுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் நெருப்பெரிச்சலில் பஸ் ஏறித் திருப்பூரில் இறங்கி, பல்லடம் ரோட்டுப் பஸ்ஸுக்கு மாறிப் போய், முருகன் கோயிலுக்கு முன்னால் இருக்கும் அந்தக் கல் மண்டபத்தில் ஒரு சாக்கை விரித்து ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். வேலையாட்கள் சாரம் கட்டி மேலே ஏறிவிட்டார்கள். சலவை சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, தேங்காய் நாரால் தொட்டுத் தொட்டுத் தேய்க்கிறார்கள். கூரைக் கல்லிலிருந்து கறுப்புத் தண்ணீர் அவர்கள் முழங்கை வழியாக ஒழுகி என் சாக்கு வரைக்கும் வருகிறது. "நவுந்து உக்காருங்கம்மா" என்கிறார்கள். நகரத் தெம்பில்லை, நனைந்தால் நனையட்டும் என்று இருந்துவிடுகிறேன். நேற்று மத்தியானம் கரி போன இடத்தில் தாமரைப் பூச் செதுக்கிய கல் ஒன்று தெரிந்தது. அதற்கு நேர் அடியில்தான் நாம் குடியிருந்தோம். அப்படி ஒரு பூ தலைக்கு மேல் இருந்தது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஆனால் இந்தக் கடிதம் பூவைப் பற்றி அல்ல. முன்வரிசையில் இருக்கும் ஒரு தூணை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாய். நீ சொல்லிச் செய்த பளிங்குப் பலகையும் வந்து சேர்ந்துவிட்டது. "இத்தூணுக்கு எம் தந்தையார் தம் கையால் பாலாபிஷேகம் செய்தார்" என்று எழுதி, அடியில் உன் பெயரும் பனியன் கம்பெனி பெயரும் வெட்டியிருக்கிறார்கள். உன் பெயர் எழுத்து கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது. அங்கேயே உன் கல்யாண முகூர்த்தம் முடிந்த கையோடு சொந்தக்காரர்களை எல்லாம் நிற்க வைத்துப் பலகையைத் திறந்து, அந்தக் கதையைச் சொல்லப் போகிறாயாம். மேஸ்திரி சந்தோஷமாகச் சொன்னார். அது வேண்டாம் கண்ணு. நேரில் பேசினால் நீ சிரித்துக்கொண்டே "செரிங்கம்மா, செரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் ஐந்தாம் கிளாஸோடு நின்றுபோன இந்தக் கோணல் எழுத்தில் உன் கல்கத்தா விலாசத்துக்கு எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உனக்கு நிச்சயித்த பெண் போன மாதம் அவள் அம்மாவோடு தாராபுரத்திலிருந்து வந்தாளே, நீ அவர்களை மண்டபத்துக்குக் கூட்டிப் போனாயே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "எங்கப்பா இந்தத் தூணுக்குச் சொம்பு சொம்பா பால் ஊத்துனாங்க. நான் பாத்தனுங்க. அந்தப் பால் வழிஞ்ச தடம் இன்னும் இருக்குது பாருங்க" என்று நீ காட்டினாய். கறுத்த கல்லில் மேலிருந்து கீழே வழிந்து காய்ந்த அந்த வெள்ளையை அந்தப் பெண் கண் விரித்துப் பார்த்தாள். பிறகு கிட்டே போய் நகத்தால் கொஞ்சம் சுரண்டி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, திருநீறு போல நெற்றியில் இட்டுக்கொண்டாள். உன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளுக்கு முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? "என்னம்மா, வந்ததும் வராததுமா மூஞ்சி கழுவச் சொல்றீங்க" என்று நீ கேலி செய்தாய்.

அது பால் இல்லை கண்ணு. பனியன் துணி வெளுக்கிற பிளீச்சிங் பவுடர்.

நாம் அந்த மண்டபத்துக்கு எப்படி வந்தோம் என்பதை நீ உன் சிநேகிதர்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கல் மண்டபம், குளுகுளு காற்று, கோயில் மணி, அம்மா மூன்று கல் வைத்துச் சமைத்த சோறு. நீ சொல்லிக் கேட்டால் எனக்கே அங்கே போய்க் குடியிருக்கலாம் போலத் தோன்றும். குண்டடத்துப் பக்கம் மழை இல்லாமல் கிணறு வற்றி, மாட்டை விற்றுவிட்டு வந்தோம். உன் அப்பாவுக்குத் திருப்பூரில் ஒரு சலவைப்பட்டறையில் வேலை கிடைத்தது. வாடகைக்கு வழியில்லாமல் ஊருக்கு வெளியே அந்த மண்டபத்தில் ஒண்டினோம். முன்னே வண்டிக்காரர்கள் தங்கிச் சமைத்த இடம் அது. எங்களைப் போலப் பிழைக்க வந்த வேறு சில குடும்பங்களும் அங்கே அடுப்பு வைத்திருந்தன. பச்சை விறகு. புகை வெளியே போக மாட்டேன் என்று கூரைக் கல்லில் முட்டித் திரும்பி நம் மேலேயே இறங்கும். நீ இருமி இருமி என் மடியில் தூங்குவாய். என் கண் இன்றைக்கு இப்படி மங்கிக் கிடப்பது அந்தப் புகையால்தான். நீ அந்தப் புகையைப் பற்றிப் பேசியதே இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. குழந்தைக்கு எது நினைவில் நிற்கும் என்று யார் கண்டது?

மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. நாம்தான் கடைசி. அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று பேச்சு எழுந்தது. தர்மகர்த்தா ஒரு நாள் வந்து தூணைத் தடவி, கறுத்த விரலை உன் அப்பாவிடம் நீட்டினார். "ஏப்பா, இப்ப இங்க அடுப்பு எரிக்கறது உன்ற ஊடு ஒண்ணுதான். கும்பாபிசேகத்துக்குள்ள இந்தக் கரியப் போக்கிக் குடுத்துரோணும்" என்றார். யார் யாரோ எரித்த விறகின் கரியெல்லாம் அன்றைக்கு நம் தலையில் விழுந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். உன் அப்பா முந்திக்கொண்டார். "இதெல்லாம் ஒரு சோலியாங்க சாமி? பட்டறைக்கு வாரப்ப துணி மண்ணாட்டம் வருதுங்க. போறப்ப கொக்காட்டம் போவுதுங்க. கல்லு என்னங்க கல்லு" என்றார்.

நீ உன் அப்பாவைப் பேசாத மனிதராகத்தான் பார்த்திருக்கிறாய். அப்போது அவர் அப்படி இல்லை. பட்டறை வேலை கிடைத்த புதிதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நிலத்தில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நின்றவருக்கு, தொட்டியில் துணியை அமுக்கினால் கண் முன்னாலேயே வெளுத்து வருவது பெரிய அதிசயமாக இருந்தது. சாயங்காலம் வந்து அதையே சொல்வார். என் பழைய சேலையைப் பார்த்து, "குடு புள்ள, வெளுத்துத் தாரேன்" என்பார். பூப்போட்ட சேலை அது, வெளுத்தால் பூவும் போய்விடுமே என்று நான் ஒளித்து வைப்பேன். வெளுக்க முடியாதது என்று உலகத்தில் ஒன்று இருக்கும் என்றே அவர் அப்போது நினைக்கவில்லை.

பட்டறை முதலாளி, சாமி காரியம் என்பதால் பவுடரைச் சும்மாவே கொடுத்தார். முதலில் யாரும் பார்க்காத பின்பக்கத்தில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள் என்றேன். கேட்கவில்லை. ஊர் பார்க்கட்டும் என்று முன்வரிசைத் தூணையே எடுத்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வந்த கூட்டம் மொத்தமும் சுற்றி நிற்க, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். அண்டாவில் கரைத்து வைத்த பவுடர் வெள்ளைவெளேரென்று பால் போலத்தான் இருந்தது. நான் சொம்பு சொம்பாக மொண்டு கொடுக்கக் கொடுக்க, அவர் தூணின் உச்சியிலிருந்து ஊற்றினார். நீ தர்மகர்த்தாவின் காலடியில் நின்று கைதட்டிக்கொண்டு கத்தினாய்: "எங்கப்பா சாமிக்குப் பால் ஊத்தறாங்க! எங்கப்பா பால் ஊத்தறாங்க!" அதுதான் உன் நினைவில் நிற்கிறது. அந்த அளவுக்கு நீ பார்த்தது உண்மைதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. நெடி தாங்காமல் இருமத் தொடங்கினாய் என்று பூசாரியின் சம்சாரம் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பூசாரிக்கும் கண்ணில் தண்ணீர். உன் அப்பா கீழே இறங்கி இடுப்பில் கை வைத்து நின்று, "இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். கரி கரியாகவே இருந்தது. பவுடர் அதன் மேல் கோடு கோடாக வழிந்து நின்றது. பத்தவில்லை என்று இன்னும் கெட்டியாகக் கரைத்து மறுபடியும் ஊற்றினார். அப்போதும் கரி அசையவில்லை. ஆனால் தூணுக்குப் பக்கத்தில் முருகனுடைய சேவற்கொடி சாத்தி வைத்திருந்தது. சிவப்புத் துணி, புதிதாகத் தைத்தது. அதன் மேல் தெறித்ததை அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. தர்மகர்த்தா கொடியைத் தூக்கியபோது பாதிச் சிவப்பு போயிருந்தது. சேவலுக்குத் தலை இல்லை.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தர்மகர்த்தா மட்டும் சிரிக்காமல், "வெளுக்கச் சொன்னது வெளுக்கல, சாமி கொடி வெளுத்துப் போச்சு. நல்லா இருக்குதப்பா உன்ற வேலை" என்று சொல்லிவிட்டு, கும்பாபிஷேக நோம்பிக்கு முன்னால் கரியைப் போக்கிவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார். அன்றிலிருந்து அந்த ஊரில் உன் அப்பாவுக்குக் "கொடி வெளுத்தவன்" என்று பெயர். பெண்கள் தண்ணீர் எடுக்கிற இடத்தில் என்னைக் "கொடி வெளுத்தவன் பொண்டாட்டி" என்பார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு போனால், "கொடி வெளுத்தவன் பையன் வாரான்" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். நீ சிரிப்பாய். எனக்கு அவர்கள் கையை முறித்துப் போடலாம் போல இருக்கும்.

பிறகு அந்தக் கரியைத் தேய்த்தது நான்தான். உன் அப்பா விடியும் முன்னே பட்டறைக்குப் போய்விடுவார். சாம்பல், பூந்திக்கொட்டை, தேங்காய் நார், எது கிடைத்ததோ அது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிய கரி, வெந்நீருக்கும் நாருக்கும்தான் கொஞ்சம் மசிந்தது. தூண் தூணாக, என் கை எட்டிய உயரம் வரைக்கும் தேய்த்தேன். அதற்கு மேல் ஏணி வைத்து ஏற உடம்பில் சக்தி இல்லை. இன்றைக்கும் நீ பார்க்கலாம், மற்ற எல்லாத் தூணிலும் பாதி வரைக்கும் கல் நிறம், அதற்கு மேல் கறுப்பு. அந்தக் கோடு என் கை எட்டிய அளவு. நேற்று மேஸ்திரி அதைப் பார்த்து, "இங்க முந்தியே யாரோ சோம்பேறி பாதி வேலை பாத்துட்டுப் போயிருக்கறானுங்கம்மா" என்றார். ஆமாங்க என்றேன்.

அந்த வெள்ளைத் தூணை மட்டும் உன் அப்பா நானே செய்கிறேன் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புளி கரைத்து எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். பூசியதும் நுரை கிளம்பி வெள்ளை இளகியது. அடியில் கொஞ்சம் போயிருக்கும், நீ ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஏனுங்கப்பா சாமி பாலை அழிக்கறீங்க? அழிக்காதீங்கப்பா" என்று அழுதாய். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுவாயே, அந்த அழுகை. அவர் உன்னையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து என்னிடம் வந்து, "உடு புள்ள. அவனுக்காவது அது பாலாவே இருக்கட்டும். நீயும் அதைத் தொட மாட்டேன்னு சொல்லு" என்றார். சொன்னேன். அடுத்த வாரம் சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நெருப்பெரிச்சலுக்கு நடந்தோம். அந்த ஊர்க்காரர்கள் வெகுநாள் அந்தத் தூணைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். உன் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் அந்த ரோட்டில் போகவே இல்லை. பல்லடத்தில் வேலை இருந்தாலும் சுற்றுவழியாகத்தான் போய் வருவார்.

நீ பள்ளிக்கூடத்தில் இந்தப் பால் கதையைச் சொல்லிவிட்டு வந்து வீட்டில் ஒப்பிப்பாய். அவர் எழுந்து வெளியே போய்விடுவார். சாமி விஷயம் என்றால் அப்பா உருகிப் போய்விடுகிறார் என்று நீ நினைத்துக்கொண்டாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கண்ணு, அந்த நாளில் உனக்குக் கொடுக்கவே வீட்டில் பால் கிடையாது. கேழ்வரகுக் கூழும், வெறும் காப்பித் தண்ணீரும். அக்கம்பக்கத்தில் ஆடு ஈன்றால் ஒரு டம்ளர் கெஞ்சி வாங்குவேன். பிள்ளைக்கே பால் இல்லாத வீட்டுக்காரர் தூணுக்கு எங்கிருந்து பால் ஊற்றுவார்? இவ்வளவு கெட்டிக்காரனாக வியாபாரம் செய்கிறவன், இதை ஒரு தடவையாவது யோசித்தாயா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் பாவம், உன் முகம் வாடிவிடும். இத்தனை நாள் அதற்குப் பயந்துதான் இருந்தேன்.

இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. தர்மகர்த்தா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இருக்கிறார்கள். மண்டபத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது பல் போன ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "கொடி வெளுத்தவரு பையனுக்குத்தானுங்களா கண்ணாலம்? பெரிய பனியன் முதலாளின்னாங்களே" என்றார். வாயெல்லாம் சிரிப்பு. வஞ்சம் இல்லாத சிரிப்புதான், அதுதான் தாங்க முடியவில்லை. ஊர் மொத்தத்தையும் நீ பந்திக்கு அழைத்திருக்கிறாய். அவர்களுக்கு நடுவே நின்று, மாலையும் கழுத்துமாக, என் அப்பா பால் ஊற்றினார் என்று நீ சொல்வாய். எல்லாரும் வேட்டி முனையை வாயில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். பந்தியில் கை நனைக்கும்போது பெண்வீட்டாரிடம் யாராவது சொல்லுவார்கள். உன் அப்பா வாழ்நாள் முழுக்கச் சுற்றுவழியில் நடந்து தப்பித்த சிரிப்பை, நீ பளிங்கில் வெட்டி, பத்திரிகை அடித்துக் கூப்பிட்டு, அவர் தலையில் மறுபடியும் கொட்டப் போகிறாய். தாலி கட்டும் நேரம் நான் எப்படியும் பின்னால்தான் நிற்பேன். அதைப் பற்றி எனக்கு யாரோடும் சண்டை இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் நின்று கேட்க என்னால் ஆகாது. அவ்வளவு தெம்பு மிச்சம் இல்லை.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். அந்தப் பெண் நீ சொன்னதை நம்பி நெற்றியில் இட்டுக்கொள்கிறவள். அப்படிப்பட்டவளிடம் எதையும் கூட்டிச் சொல்லாதே. நாம் கஷ்டப்பட்டதைச் சொல், ஆனால் ஜரிகை வைத்துத் தைத்துச் சொல்லாதே. புகையைச் சொல். இருமலைச் சொல். உன் அப்பா தெரியாமல் ஒரு தப்பு வேலை செய்து ஊர் முன்னால் தலைகுனிந்தார் என்பதையும், உன் ஒரு அழுகைக்காக அந்தத் தலைகுனிவை அழிக்காமல் விட்டுவிட்டுப் போனார் என்பதையும் சொல். பால் ஊற்றினவர் என்பதைவிட அது எவ்வளவோ மேல். எனக்கு அவர் மேல் பிரியம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதற்கு முன்னால் வெறும் புருஷன்.

பளிங்குப் பலகையைச் சாக்கில் சுற்றி, எழுத்து சுவரைப் பார்க்கும்படி சாத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேஸ்திரி காரணம் கேட்டார். தூசி படும் என்றேன். நீ சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தியே வந்துவிடு. புளியை நான் முதல் நாளே ஊறப்போட்டு வைக்கிறேன். கெட்டியாகக் கரைத்துப் பூசிக் கொஞ்ச நேரம் விட வேண்டும், நுரை அடங்கியதும் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். பாதி நாள் பிடிக்கும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வராதே. அந்தப் பெண்ணையும் கூட்டி வந்தால் எனக்குச் சம்மதம்தான், அவள் நெற்றியில் இட்டதை அவளும் தெரிந்துகொள்ளட்டும். வெள்ளை போனதும் அடியில் கரி தெரியும். பயப்படாதே, அது என் அடுப்புக் கரி, அதற்குச் சோடாவும் நாரும் இருக்கிறது. கை எட்டும் வரைக்கும் என் கரியை நானே தேய்த்துவிடுவேன். ஆனால் அந்தக் கரியை மூடிக் காய்ந்திருப்பது உன் அப்பாவின் வெள்ளை. அதைத் தொட மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவள் நான். நீ கொடுக்கவில்லை.

அம்மா